ஏப்ரல் மாத நுவரெலியாவை எத்தனை பேருக்கு விற்கலாம்?

நாலாம்மாடி (செவ்வாய், இரவு 10.50)

எனக்கு வயது 27. ஊர் திருகோணமலை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஏழு மாதமாகக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் நாலாம் மாடியில் தொலைபேசி வேலை. அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபாய். நான் வரவழைக்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் 1,500 ரூபாய், அவர்கள் கையெழுத்து வைத்துவிட்டால் மேலும் 5,000.

விற்பது ‘விடுமுறை உறுப்புரிமை’: ஒரு தடவை பெருந்தொகையும் பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் கட்டினால், வருடம் ஒரு கிழமை கம்பனியின் விடுமுறை அறையில் தங்கலாம் என்பது பேச்சு. டைம்ஷேர் என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் மேற்பார்வையாளர் பேனையால் மேசையில் தட்டுவார். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடைத்தொகுதி வாசலில் பெட்டி வைத்து, அதிர்ஷ்டச் சீட்டு என்று சொல்லிப் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வாங்குகிறார்கள். மறுநாள் காலை அந்தச் சீட்டுகள் எங்கள் மேசைக்கு வந்துவிடும். குலுக்கல் நடந்ததை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. எழுதிப்போட்ட எல்லாருக்கும் பரிசு விழும். தமிழ்ப் பெயர்கள் மட்டும் எனக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும், கடனட்டையை ‘அடையாளத்துக்காக’க் கொண்டுவர வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். பற்றிஸ், ரோல்ஸ், பிள்ளைகளுக்கு நிறம் தீட்டும் புத்தகம். யாராவது கையெழுத்து வைத்ததும் மணி அடிக்கும், எல்லாரும் கைதட்டுவோம். ஒரு ஞாயிறு கூட்டம் குறைவு என்று என்னையும் கணக்குப் பிரிவுத் தம்பி ஒருவனையும் தம்பதியாக ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. நாங்கள் ‘கையெழுத்து வைத்தபோது’ மணி அடித்தது. பக்கத்து மேசையில் இருந்த உண்மையான தம்பதி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேனையைக் கையில் எடுத்தார்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

பிறகு முற்பதிவுப் பதிவேட்டைத் தட்டச்சு செய்யும் வேலையையும் என்னிடம் கொடுத்தார்கள். நுவரெலியாவில் கம்பனிக்கு 12 அறைகள். ஏப்ரலில் எல்லாருக்கும் வேண்டியது புத்தாண்டை ஒட்டிய இரண்டு கிழமைகள். 12 அறைக்கு இரண்டு கிழமை என்றால் 24 பேருக்குக் கொடுக்கலாம். ‘ஏப்ரல் உறுதி’ என்று குறிப்பெழுதி விற்றிருப்பது 163 பேருக்கு. இரண்டு தரம் எண்ணினேன்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேனோ தெரியாது. போன மாதம் என்னை உள்ளறைக்கு மாற்றினார்கள். புதிய சிம், புதிய பெயர். பழைய வாடிக்கையாளர்களை இன்னொரு கம்பனி போல அழைத்து, ‘உங்கள் உறுப்புரிமையை வாங்க டுபாயில் ஆள் இருக்கிறது, பெயர் மாற்றக் கட்டணமாக 65,000 ரூபாய் கட்டுங்கள்’ என்று சொல்ல வேண்டும். பட்டியலில் மூன்றாவது பெயர், மே மாதத்தில் நானே வரவழைத்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. குரலைக் கொஞ்சம் மாற்றிப் பேசினேன். “பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்” என்றார். வந்தார். பேனை எழுதவில்லை போலும், தாளில் கிறுக்கிக் கிறுக்கி மையை வரவழைக்கும் சத்தம் கேட்டது. “முதலில் எடுத்த பிள்ளையும் உங்களைப் போலத்தான் நல்ல தமிழ். என் மூட்டு வலியைக்கூட விசாரித்தவர்” என்றார். பிறகு அழைக்கிறேன் என்று சொல்லித் துண்டித்துவிட்டேன்.

வேலையை விட வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என் சாதாரண தர, உயர்தர மூலச் சான்றிதழ்கள் அவர்களிடம். ஒரு வருடத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவு 75,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார்கள். சம்பளத் தாளில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 3,600 ரூபாய் கழிபடுகிறது. அது போய்ச் சேருகிறதா என்று தெரியாது. ஆசிரியைக்கு நான் என்ன செய்ய வேண்டும்? எனக்கு இதில் குற்றப் பொறுப்பு உண்டா?

---

மண்டபத்துப் பழையவன் (செவ்வாய், இரவு 11.35)

தங்கச்சி, நான் இப்படியான ஒரு மண்டபத்தில் இரண்டு வருடம் மேசை பார்த்தவன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

டைம்ஷேர் என்றாலே மோசடி என்று யாராவது இங்கே வந்து சொல்வார்கள். அது சரியில்லை. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை. ஒழுங்காக நடத்தினால் அது ஒரு விலை கூடிய விடுமுறைச் சீட்டு, அவ்வளவுதான். 1974இல் தொடங்கிய ஆர்.சி.ஐ., 1976இல் தொடங்கிய இன்டர்வெல் இன்டர்நேஷனல் போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அந்த மாதிரிப் பெயர் ஒன்றைச் சொன்னவுடன் மண்டபத்தில் இருப்பவர் உலகமெங்கும் இலவச அறை என்று நினைத்துவிடுவார். தன் கிழமையைக் கொடுத்தால்தான் இன்னொருவரின் கிழமை கிடைக்கும், அதற்குத் தனிச் சந்தா, ஒவ்வொரு மாற்றுக்கும் தனிக் கட்டணம் என்பதை நாங்கள் சொல்வதில்லை.

நாங்கள் தாளில் போட்டுக் காட்டும் கணக்கு தப்பே இல்லாத கணக்கு. அதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். விலை 650,000 ரூபாய், ஆண்டுப் பராமரிப்பு 28,000, 25 வருடம் என்று வையுங்கள். பராமரிப்பு மட்டும் 700,000. எல்லாம் சேர்த்து 1,350,000. வருடம் ஏழு இரவு என்றால் ஓர் இரவு 7,700 ரூபாய்க்கு வருகிறது. நுவரெலியாவில் அந்த விலைக்கு இந்தத் தரத்தில் அறை ஏது? வாடிக்கையாளரையே கூட்டிப் பார்க்கச் சொல்லிப் பேனையை நீட்டுவோம். கேட்ட கிழமையில் அறை கிடைக்கும் என்பதும், பராமரிப்புக் கட்டணம் கூடாது என்பதும் அந்தத் தாளில் எங்கும் இருக்காது. உங்கள் 24க்கும் 163க்கும் இடையில் இருப்பது அதுதான். அதை வெறும் வற்புறுத்தல் வியாபாரம் என்று சொல்ல முடியாது. இல்லாததை விற்பது.

வெளியாட்கள் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். “ஒப்பந்தத்தைத் தாருங்கள், வீட்டில் வைத்து வாசித்துவிட்டு நாளைக்கு வருகிறோம்” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மண்டபத்தில் இரண்டு வருடத்தில் ஒரு தாளும் வெளியே போனதில்லை. அப்படிக் கேட்டவரிடம் மூன்றாவது ஆளாகக் கோட் போட்ட ஒருவர் வருவார், விலை பாதியாகும். ஒரு மணி நேரத்துக்கு முன் 14 லட்சம் சொன்னவன் இப்போது ஆறரை லட்சத்துக்குத் தருகிறான் என்றால், முதலில் சொன்ன விலை எங்கே இருந்து வந்தது?

உள்ளறை பற்றி ஒன்றே ஒன்று: நாளைக்கே அந்தத் தொலைபேசியைத் தொடாதீர்கள்.

---

நேராகப்பேசுபவன் (புதன், காலை 6.10)

ஏழு மாதம் கொமிஷன் வாங்கிவிட்டு இப்போது மனச்சாட்சியா? எத்தனை தம்பதிகளுக்கு 5,000 வாங்கினீர்கள் என்று எழுதவில்லையே.

---

நாலாம்மாடி (புதன், காலை 6.45)

பதினொன்று. எழுதியிருக்க வேண்டும்.

---

பேரேடு (புதன், மதியம் 12.30)

நான் சட்டத்தரணி இல்லை. கம்பனிகளின் சம்பளக் கணக்கை 19 வருடமாகப் பார்ப்பவன்.

சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 வீதம். 45,000க்கு 3,600 சரிதான். அதன்மேல் அவர்கள் தங்கள் கையிலிருந்து 12 வீதம், அதாவது 5,400 ரூபாய் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) தனியாக 3 வீதம். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. அடுத்த மாத முடிவுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். உங்கள் உறுப்பினர் இலக்கத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்துக்கு ஒரு காலை நேரத்தில் போங்கள். பணம் போகவில்லை என்றால் அங்கேயே முறைப்பாடு எழுதலாம். நீங்கள் விலகிய பிறகும் எழுதலாம். என் அனுபவத்தில், வாடிக்கையாளரை ஏமாற்றும் கம்பனி ஊழியரின் நிதியைக் கட்டுவது குறைவு. கை ஒன்றுதானே.

சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பது வெறும் வெருட்டல். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டாலும் உலகம் முடியாது, பத்தரமுல்லைப் பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் அத்தாட்சிப்படுத்திய பெறுபேறு எடுக்கலாம். 75,000 ரூபாய் கதை நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா, என்ன பயிற்சி என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சு என்றால் பயப்படாதீர்கள். எழுதியிருந்தால் கையெழுத்து வைத்த தாளோடு சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

வாடிக்கையாளர் பட்டியலையோ பதிவேட்டையோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது மற்றவர்களின் விபரம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கம்பனிக்கு உங்கள்மேல் பழி போட வழி செய்து கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வந்த வட்ஸ்அப் கட்டளைகள், சம்பளத் தாள், உங்களுக்கென்று தந்த பேச்சுத் தாள், இவை போதும். எந்தத் திகதியில் யார் என்ன செய்யச் சொன்னார் என்று ஒரு கொப்பியில் இன்றே எழுதி வையுங்கள்.

குற்றப் பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். தண்டனைச் சட்டக் கோவையில் ஏமாற்றிப் பணத்தைக் கொடுக்க வைப்பது 403ஆம் பிரிவு. தெரிந்துகொண்டு செய்தீர்களா என்பதுதான் கேள்வி. இதுவரை தெரியாது என்று சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. டுபாயில் ஆளில்லை என்று தெரிந்த பிறகு அந்த இடம் இல்லை.

ஆசிரியைக்கு: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அவர் எழுத வேண்டும், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் 30ஆம் பிரிவு தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்கிறது. ஆனால் 13ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அவர் கையெழுத்து வைத்த திகதி என்ன?

---

ஹரோ மாமா (புதன், மாலை 5.20)

பிள்ளை, நான் 2001இல் டெனெரிஃப் தீவில் கையெழுத்து வைத்தவன். மாமி வேண்டாம் என்றவர். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார், குறிப்பாகப் பராமரிப்புக் கட்டணக் கடிதம் வரும் ஜனவரியில்.

இங்கே ஐரோப்பாவில் சட்டம் எங்களுக்குக் கொஞ்சம் துணை நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994ஆம் ஆண்டுப் பணிப்புரை மனம் மாற 10 நாள் கொடுத்தது, 2008ஆம் ஆண்டினது அதை 14 நாளாக்கியது. அந்த நாட்களுக்குள் முற்பணம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. இதைவிட முக்கியம், உங்கள் உள்ளறைக்குப் பொருந்துவது: 2008 பணிப்புரையின்படி மறுவிற்பனை செய்து தருகிறேன் என்பவர், விற்று முடியும்வரை காசு கேட்கவே கூடாது. இவ்வளவு இருந்தும் எனக்கு வருடம் இரண்டு மூன்று பேர் ‘வாங்க ஆள் இருக்கிறது’ என்று அழைக்கிறார்கள். ஒருவனுக்கு 400 பவுண் கொடுத்தும் இருக்கிறேன். மாமிக்குத் தெரியாது.

மெக்சிக்கோவில் இந்த மறுவிற்பனை அழைப்புகளை நடத்துவது ஹலிஸ்கோ போதைக் கும்பல் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் 300 மில்லியன் டொலருக்குக் கிட்ட இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஏமாந்தவன் திரும்பவும் ஏமாறுவான் என்பதால் பழைய பட்டியலுக்குத்தான் விலை அதிகம். உங்கள் ஆசிரியையின் பெயர் எத்தனை கை மாறப் போகிறதோ. அடுத்த அழைப்பும் வரும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

---

நாலாம்மாடி (ஞாயிறு, இரவு 9.15)

வியாழக்கிழமை விலகல் கடிதம் கொடுத்தேன், சான்றிதழைக் கேட்டு இன்னொரு கடிதமும் கொடுத்தேன். மேற்பார்வையாளர் இரண்டிலும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கீழே போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 75,000 ரூபாய் நியமனக் கடிதத்தில் எங்கும் இல்லை. சேமலாப நிதியில் முதல் இரண்டு மாதம் மட்டும் கட்டியிருக்கிறார்கள். முறைப்பாடு எழுதிவிட்டேன்.

நேற்று ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். அவர் கையெழுத்து வைத்து 81 நாள் ஆகியிருந்தது. கணவரின் கடனட்டையில் 24 தவணை. இரண்டு தடவையும் பேசியது நான்தான் என்று வாசலிலேயே சொன்னேன். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மூட்டு வலியை விசாரித்தது நீங்களாகவா, எழுதிக் கொடுத்ததா?” என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்ததுதான். ‘60 வயதுக்கு மேல் என்றால் உடல்நலம் கேட்கவும்’ என்று தாளில் இரண்டாவது வரி. அப்படியே சொன்னேன்.

பிறகு உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினோம், ஒன்று அதிகார சபைக்கு, மற்றது வங்கிக்கு. நான் எழுதிக்கொண்டு போன வரைவில் ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்று இருந்ததை வெட்டி, ‘ஏப்ரல் மாத அறை உறுதி என்று பொய் கூறி விற்றார்கள்’ என்று மாற்றினார். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழையும் திருத்தினார். ஏப்ரல் பற்றி எனக்குத் தெரிந்ததைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை இரண்டையும் வெள்ளவத்தைத் தபாலகத்தில் அவரே பதிவு செய்கிறாராம். நானும் வருகிறேன் என்றேன். தேவையில்லை என்றார்.

மற்றப் பத்துத் தம்பதிகளில் நால்வரின் வீடு எனக்குத் தெரியும்.