பழைய டியூப்லைட் ஃபிட்டிங்கில் சோக்கைக் கழற்றலாமா?

கோவைப்பட்டறை
மூடிப்போன மில் ஒன்றின் பட்டறையிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்த இரட்டை டியூப் ஃபிட்டிங் ஒன்றை எடுத்துச் சரிசெய்திருக்கிறேன். நாலடி நீளம், வெள்ளை எனாமல் ரிஃப்ளெக்டர், உள்ளே டியூப்புக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் செம்புச் சோக் இரண்டு, ஒரு கண்டென்சர் (கெப்பாசிட்டர்). துருவைச் சுரண்டி, எனாமல் உதிர்ந்த இடங்களில் மட்டும் பெயின்ட் தொட்டு, ஒயர் முழுவதையும் மாற்றினேன். படம் போட்டதும் "உள்ளே இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு எல்.இ.டி. மாட்டுங்க" என்று பலர் சொன்னீர்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் மங்கலாக ஒரு மினுக்கு, டியூப்பின் இரு முனையும் சிவந்து, இரண்டு தரம் வெட்டி, பிறகு முழுசாகப் பிடிக்கிறதே, அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் இவ்வளவு வேலையும். வெறும் தகரத்தைக் காப்பாற்ற அல்ல.

வயர்மேன்_திருச்சி
தம்பி, உங்க கை வேலை சுத்தமா இருக்கு. ஆனா நான் சொன்னதை மாத்திக்க மாட்டேன். 40 வாட் டியூப்புன்னு பேரு, செம்புச் சோக்கு தன் பங்குக்கு 10, 12 வாட்டைச் சூடாக்கியே தின்னுடும். ரெண்டு டியூப்புக்கு 100 வாட் போயிடுது. எல்.இ.டி.ன்னா 40 வாட்டுல முடிஞ்சுது.

அதைவிட, ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்? டியூப்பு பிடிக்காம ரெண்டு முனை மட்டும் செக்கச்செவேல்னு எரிஞ்சுக்கிட்டே கிடக்கும். ஒழுங்கா எரியும்போது 0.43 ஆம்பியர் ஓடுற சோக்குல அப்போ அதைவிட அதிகமா ஓடும். ராத்திரி கவனிக்காம விட்டா உள்ளே இருக்கிற தார் உருகிச் சொட்டும். அப்படிக் கருகின பட்டிகளை வீடு வீடாக் கழட்டியிருக்கேன். அந்தக் காலத்துப் பட்டி பலதுல எர்த்தும் கிடையாது.

கோவைப்பட்டறை
எர்த் கொடுத்துவிட்டேன் அண்ணே. கரண்ட் கசிகிறதா என்று 500 வோல்ட் மெக்கரில் பார்த்துவிட்டுத்தான் லைன் கொடுத்தேன். ஆளில்லாத நேரத்தில் எரியவிடுவதும் இல்லை.

இந்த ஃபிட்டிங்கில் கண்டென்சர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லைனுக்குக் குறுக்கே இல்லை, ஒரு டியூப்பின் சோக்கோடு சீரீஸில் இருக்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டியூப் வெளிச்சம் ஒரு விநாடிக்கு 100 தரம் ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில் ஓடுகிற லேத் சக் (கடைசல் இயந்திரத்தில் பொருளைப் பிடித்துச் சுழலும் பாகம்), குறிப்பிட்ட வேகங்களில், நின்றுவிட்டது போலத் தெரியும். அதை நம்பிக் கையை வைத்தால் விரல் போகும். அதனால் ஒரு டியூப்புக்கு வெறும் சோக், மற்றதற்குச் சோக்கோடு கண்டென்சர். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசமாக இருக்கும், லைனிலிருந்து வீணாக இழுக்கும் கரண்ட் குறைந்து பவர் ஃபேக்டரும் சரியாகும். தொழிலாளி கையைக் காப்பாற்ற யாரோ யோசித்துப் போட்ட சர்க்யூட் இது. கழற்றி எறிந்தபின் தகரத்தைப் பார்த்து இதையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது.

நொய்யல்_கரை
சர்க்யூட் அருமைதான். டியூப்புக்குள் இருக்கும் பாதரசத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. 2023 ஜெனிவா கூட்டத்தில், பொது வெளிச்சத்துக்கான டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடிப்பதென்று தீர்மானித்துவிட்டார்கள். இனி பழைய டியூப்பைத் தேடிப் பதுக்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கு என்றால், ஒவ்வொருவர் பரணிலும் பாதரசம் சேரும். வெளிநாட்டு 1940-களின் டியூப் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் பூச்சில் பெரிலியம் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1949-லேயே அதைக் கைவிட்டார்கள்.

பரண்விளக்கு
பதுக்கத் தேவையில்லை சார். 36 வாட் ஒல்லி டியூப் நம் ஊர் 40 வாட் சோக், ஸ்டார்ட்டரிலேயே எரியும், அதற்கென்றே வந்ததுதான் அது. எல்லா ஃபிட்டிங்கும் தினமும் எரிய வேண்டியதில்லை. என்னிடம் இருப்பவை நண்பர்கள் வரும்போது மட்டும் எரியும், ஒரு டியூப் பல வருஷம் தாங்கும். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு துடைப்பம் போடாமல் அட்டையால் வழித்து, மூடியுள்ள ஜாடியில் போடுங்கள்.

வயர்மேன் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். சோக்கை எடுத்து, எல்.இ.டி. டியூப்புக்காக ஒரே முனையில் ஃபேசும் நியூட்ரலும் கொடுத்த பட்டியில், நாளை விவரம் தெரியாதவர் சாதா டியூப்பை மாட்டினால்?

வயர்மேன்_திருச்சி
பட்டுனு வெடிச்சுப் போகும். அதனாலதான் மாத்தின பட்டிமேல எழுதி ஒட்டணும்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். பலரும் ஒட்டறதில்லை, அது தப்புதான்.

தம்பி, அந்தக் கண்டென்சர் பழசேவா?

கோவைப்பட்டறை
பழசேதான். அடியில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு.

வயர்மேன்_திருச்சி
அப்போ இன்னிக்கே லைனை எடுங்க. அந்தக் காலத்துக் கண்டென்சர்ல பி.சி.பி.ங்கிற நச்சு எண்ணெய் இருக்கலாம், வெறுங்கையால தொடாதீங்க, சாதாக் குப்பையிலயும் போடாதீங்க. கடையில கேட்டா 250 வோல்ட் கண்டென்சர் கொடுப்பான், அது லைனுக்குக் குறுக்கே போடுறது. சீரீஸ்ல 380 வோல்ட்டு வரைக்கும் ஏறும். அதே மைக்ரோ ஃபாரட்ல 440 வோல்ட்டுதான் வாங்கணும்.

கோவைப்பட்டறை
லைனை எடுத்துவிட்டேன் அண்ணே. புதுக் கண்டென்சர் போடுகிறேன். சோக் மட்டும் இருக்கும்.

வயர்மேன்_திருச்சி
இருக்கட்டும், உங்க பட்டறையில. குழந்தைங்க படிக்கிற ரூமுக்கு மாட்டலாம்னு யாராவது கேட்டா எல்.இ.டி.ன்னே சொல்லுங்க.