அன்டூ: அவிழ்ப்பதற்கும் பாழாக்குவதற்கும் ஒரே சொல்லா?

இழைக்கோதி (கேள்வி)

ஆங்கில 'அன்டூ' வினைக்கு அகராதியில் அவிழ், கழற்று, பழையபடி ஆக்கு, பாழாக்கு என்று பல பொருள் கொடுத்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்ப்பதும் ஒருவரைப் பாழாக்குவதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வரும்? கேன்சல், ரிவர்ட் இரண்டிலிருந்தும் இதை எப்படிப் பிரித்தறிவது? 'லெஃப்ட் அன்டன்' என்பதை 'அவிழ்த்து விடப்பட்டது' என்று மொழிபெயர்க்கலாமா?

சொல்வேர்

அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: ஏற்கெனவே நடந்துவிட்ட செயலின் விளைவைக் கலைத்து, முன்பிருந்த நிலைக்குக் கொண்டுபோவது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. எதைக் கலைக்கிறோம் என்று பார்த்துத்தான் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொத்தானைக் கழற்றுவோம், முடிச்சை அவிழ்ப்போம், தையலைப் பிரிப்போம், பொட்டலத்தைப் பிரிப்போம். ஆங்கிலத்தில் நான்குக்கும் அன்டூ போதும். 'அன்டை' (untie) என்ற வினை அப்படியல்ல, கயிறு, நாடா மாதிரி கட்டியவற்றுக்கு மட்டும்தான் அது வரும். பொத்தானுக்கு வராது.

பாழாக்குவது எங்கிருந்து வந்தது என்றால், கலைக்கப்படும் விளைவு நல்லதா கெட்டதா என்பதிலிருந்து. 'அன்டூ தி டாமேஜ்' என்றால் கலைவது சேதம். ஆகவே 'சேதத்தைச் சரிசெய்'. 'அன்டூ ஆல் தி குட் வொர்க்' என்றால் கலைவது நல்ல உழைப்பு. ஆகவே 'அத்தனை உழைப்பையும் பாழாக்கு'. வினை அதேதான், செயப்படுபொருள்தான் திசையைத் திருப்புகிறது. மொழிபெயர்க்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

இந்தக் கெட்ட பொருள் இன்றைய ஆங்கிலத்தில் அதிகமாக வருவது 'அன்டூயிங்' என்ற பெயர்ச்சொல்லில். 'கிரீட் வாஸ் ஹிஸ் அன்டூயிங்' என்பதை 'பேராசை அவனுடைய அழிவாக இருந்தது' என்று எழுதினால் தமிழ் விறைத்துக்கொள்கிறது. வினையாக்கிவிடுங்கள்: 'பேராசைதான் அவனைக் கவிழ்த்தது.'

முன்னொட்டு

'லெஃப்ட் அன்டன்' கேள்விக்கு: அந்த மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தவறாகிவிடும். 'அன்டன்' என்ற ஒரே வடிவத்துக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, அன்டூ வினையின் எச்சம்: அவிழ்ந்த, கலைந்த. மற்றது, 'டன்' என்பதற்கு எதிர்மறை: செய்யப்படாத. வேலையையோ கடமையையோ பற்றிப் பேசும்போது 'லெஃப்ட் அன்டன்' இரண்டாவது வகை. 'செய்யாமல் விடப்பட்டது' என்று எழுத வேண்டும். பக்கத்தில் எந்த வினை நிற்கிறது என்பதும் துப்புக் கொடுக்கும். 'ரிமெயின்' வந்தால் செய்யாமல் கிடப்பது. 'கம்' வந்தால் தானாக அவிழ்ந்தது. 'ஹிஸ் ஷூலேஸ் கேம் அன்டன்' என்றால் நாடா அவிழ்ந்துவிட்டது. பொத்தான், ஜிப் பற்றிய பேச்சில் 'லெஃப்ட் அன்டன்' வந்தால் மட்டும் 'போடாமல் விட்டது' என்று கொள்ளலாம்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. வினையோடு சேர்ந்து செயலைத் திருப்பும் 'அன்', பெயரடையோடு சேர்ந்து மறுக்கும் 'அன்' இரண்டும் பிறப்பால் வேறு. ஆங்கிலத்தில் நாளடைவில் ஒரே வடிவமாகிவிட்டன. ஜெர்மனில் இன்றும் தனித்தனி: சரக்கை இறக்குவது 'என்ட்லாடன்', தெளிவற்றது 'உன்கிளார்'. 'அன்லாக்கபிள்' என்பது பூட்ட முடியாததா, பூட்டைத் திறக்கக்கூடியதா என்று ஆங்கிலேயரே இடம் பார்த்துத்தான் சொல்வார்கள்.

எழுத்தில் ஒரு பொறி: 'அன்டியூ இன்ஃப்ளுயன்ஸ்' என்ற சட்டத் தொடரில் வருவது 'தகாத' என்னும் பெயரடை. அங்கே ஓ எழுத்து கிடையாது, யு, இ என்று முடியும்.

கட்டளைவரி

மென்பொருள் பக்கத்தைச் சொல்கிறேன். கேன்சல் என்பது முடிவதற்கு முன்னால் நிறுத்துவது. அன்டூ, முடிந்த பிறகு கடைசிப் படியைத் திருப்புவது. ரிவர்ட், இடையில் எத்தனை படி இருந்தாலும் குறிப்பிட்ட பழைய நிலைக்கே போவது. கோப்பைக் கடைசியாகச் சேமித்த வடிவத்துக்குத் திருப்புவது மாதிரி. நிரலின் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் மட்டும் கவனம்: அங்கே ரிவர்ட் பழைய கமிட்டை (பதிந்த மாற்றத்தை) அழிப்பதில்லை, அதற்கு நேரெதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாகச் சேர்க்கிறது.

மெனுக்களில் அன்டூவுக்குச் 'செயல்தவிர்' என்று போடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. தவிர்ப்பது நடக்குமுன் செய்வது. நடந்ததைத் தவிர்க்க முடியாது. 'முந்தைய நிலை' என்றோ 'மாற்றத்தைத் திருப்பு' என்றோ எழுதினால் பயனர் தயங்கமாட்டார். ஆனால் ஜிமெயிலின் 'அன்டூ சென்ட்'டுக்குச் செயல்தவிர் கச்சிதம். போன மின்னஞ்சலை அது திரும்ப அழைப்பதில்லை. நாம் அமைத்தபடி 5, 10, 20 அல்லது 30 நொடி அனுப்பாமல் வைத்திருக்கிறது, அதற்குள் அழுத்தினால் அனுப்புவதை நிறுத்துகிறது. பெயர் அன்டூ, வேலை கேன்சல்.

உதவிக் குறிப்பு எழுதுகிறீர்கள் என்றால் இதையும் சேருங்கள்: பல செயலிகளில் மூன்று முறை அன்டூ செய்துவிட்டு ஓர் எழுத்தைத் தட்டினாலும் போதும், ரீடூ (திருப்பியதை மறுபடி செய்வது) வரிசை காலியாகிவிடும். திருப்பிய மூன்று படிகளும் பிறகு கிடைக்காது.

இழைக்கோதி

அப்படியானால் 'தி நியூ கவர்ன்மென்ட் அன்டிட் தி ரிஃபார்ம்ஸ்' என்பதற்கு 'ரத்து செய்தது' சரியா?

சொல்வேர்

ஆணையையோ சட்டத்தையோ முறைப்படி நீக்கியிருந்தால் 'ரத்து செய்தது' பொருந்தும். சட்டம் ஏட்டில் இருக்க, பலன் மட்டும் போயிருந்தாலும் ஆங்கிலத்தில் அன்டிட் வரும். அப்போது 'சீர்திருத்தங்களின் பலனை இல்லாமல் ஆக்கியது' என்று எழுதுங்கள். அடுத்த வரியில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.