கிளவுடுக்கு மாறும்போது பேக்கிங் பிரிவில் தாமதம்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனிக்கிறேன். எல்லாப் பிரிவுகளின் வேலையையும் இணைக்கும் எங்கள் ஈஆர்பி மென்பொருள், எஸ்க்யூஎல் சர்வர் 2014 என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகிறது. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 ஜூலையில் முடிந்துவிட்டதால், எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. சர்வர் அறையின் ஏசி செலவு மிச்சமாகும் என்பதில்தான் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி!

தரவுத்தளத்தை அமேசானின் கிளவுடு சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மையத்தில் வைத்துச் சோதித்தோம். கணக்குப் பிரிவில் குறையில்லை. தொல்லை பேக்கிங்கில்தான். அங்குள்ள பழைய மென்பொருள் ஒரு பார்கோடு ஸ்டிக்கருக்கே தரவுத்தளத்தைப் பலமுறை கேட்கிறது. ஒவ்வொரு கேள்வியும் மும்பை போய்த் திரும்ப வேண்டும். தாமதம் தூரத்தால் வருவதால் இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. இணைப்பே அறுந்தால் கன்டெய்னர் வாசலில் நிற்கும்.

பேக்கிங்குக்கு மட்டும் இங்கேயே சிறு சர்வர் வைத்து, பிறகு தரவை ஒத்திசைப்பது சரிவருமா? ஒரே பெட்டி எண் இரண்டு இடத்திலும் உருவாகாமல் எப்படித் தடுக்கிறீர்கள்? கிளவுடிலிருந்து தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணம் மாதாந்திர பில்லில் எவ்வளவு கடிக்கிறது?

கணக்கேடுகளின் நகல் நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது விதி. அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள். விற்பனைப் பிரதிநிதிகள் பொறுத்தருள்க, செய்து பார்த்தவர்களின் சொல்தான் வேண்டும்.