நாலு பேர், ஏழு நாள், கைச்செலவு எவ்வளவு?

பெரியப்பா: விசா, விமானம், ஹோட்டல் எல்லாம் முடிந்தது. பாரிஸ் 4 நாள், ரோம் 3 நாள். கைச்செலவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 யூரோ போட்டிருக்கிறேன். தேவி, நீ போய்வந்தவள், போதுமா?

தேவி: சாப்பாடு, மெட்ரோ மட்டும் என்றால் இழுத்துப் பிடிக்கலாம் பெரியப்பா. மியூசியத்தை அதில் சேர்க்காதீர்கள். லூவ்ரில் நாங்கள் போனபோது 22 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து நம்மைப்போல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 32. அன்றைய காசு அந்த ஒரு டிக்கெட்டிலேயே போய்விடும்.

பெரியப்பா: மூவாயிரத்துச் சொச்சம்! நாலு பேருக்கு...

கார்த்தி: அப்பா, அங்கே போயும் எல்லாவற்றையும் நூறால் பெருக்கிக்கொண்டிருந்தால் காபிகூடத் தொண்டையில் இறங்காது.

தேவி: காபி என்றதும் ஞாபகம் வருகிறது. ரோமில் கடைக்குள் நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். நாங்கள் வத்திக்கான் பக்கம் கால் வலிக்கிறதே என்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோம், பில் நாலு மடங்கு, உட்கார்ந்ததற்குத்தான் காசு. தண்ணீரும் வாங்காதீர்கள், தெருவுக்குத் தெரு குழாயில் கொட்டிக்கொண்டே இருக்கும், நல்ல குடிதண்ணீர், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

கார்த்தி: அக்கா, ஹோட்டலில் நகர வரி என்று ஏதோ போட்டிருக்கிறதே?

தேவி: ஆமாம், அது பலருக்குத் தெரிவதில்லை. ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டல் என்றால் தலைக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ. மூன்று இரவு, நாலு பேர், 72. பெரும்பாலும் அங்கே போய்த்தான் கட்ட வேண்டியிருக்கும். பாரிஸ் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரயிலுக்கும் ஆளுக்கு 14, சாதாரண மெட்ரோ டிக்கெட் அங்கே செல்லாது. அப்புறம் கார்டு தேய்க்கும்போது யூரோவா ரூபாயா என்று மெஷின் கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாயில் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று உங்கள் மாப்பிள்ளை அதை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் மோசமான ரேட்டில் தண்டம் அழுதோம்.

பெரியம்மா: எல்லாம் சரி, நான் முட்டைகூடத் தொட மாட்டேனே, எனக்குச் சாப்பாடு?

தேவி: பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் என்று ஒரு இடம், ஈழத்தமிழர் கடைகள் நிறைய, பெயர்ப்பலகையே தமிழில் இருக்கும். தோசை கிடைக்கும். ரோமில் பீட்சாவை வெட்டி எடைபோட்டுத் தருவார்கள், காய் போட்டது, சீஸ் போட்டது என்று பார்த்து வாங்கலாம், செலவும் குறைவு.

பெரியம்மா: புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்து வைக்கிறேன். நெய் ஒரு பாட்டில்.

தேவி: நெய் வேண்டாம் பெரியம்மா! பால் பொருள், இறைச்சி எதையும் வெளியே இருந்து கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை.

பெரியம்மா: நெய் இல்லாமல் பருப்புப்பொடியா?

பெரியப்பா: அங்கே வெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். மியூசியம், வரி, விமான நிலைய ரயில் மூன்றையும் தனியாக எழுதிவிட்டேன், கைச்செலவு 45. வெண்ணெய்க்குத்தான் அந்த 5.