முரசுமோட்டைக் குடும்பக் குழு: வாணிக்குக் கொழும்பில் ஓர் அறை

வெள்ளிக்கிழமை

வாணி (மாலை 6.12): அனைவருக்கும் வணக்கம். கொள்ளுப்பிட்டி நிறுவனத்தின் நியமனக் கடிதம் இன்று கைக்கு வந்துவிட்டது. வருகிற முதலாம் திகதி வேலையில் சேர வேண்டும். தங்குவதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. கொழும்பில் அறையோ அனெக்ஸோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சம்பளம் 85,000 ரூபாய் என்பதால் வாடகைக்கு 30,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (6.14): வாழ்த்துகள் பிள்ளை. அறிவியல் நகரில் படித்தது வீண்போகவில்லை.

வவுனியா மாமா (6.15): வாழ்த்துகள் மருமகளே. விசாரித்துச் சொல்கிறேன்.

பெரியப்பா (6.31): அன்பு மகள் வாணிக்கு, முதற்கண் எனது ஆசிகள். இனி இருப்பிடம் பற்றிய விடயத்துக்கு வருகிறேன். நம்மவர் பிள்ளை ஒருத்தி கொழும்பில் தனியே தங்குவதென்றால் வெள்ளவத்தையைத் தவிர வேறோர் இடத்தை நான் சொல்லமாட்டேன். ஏனெனில் 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும், இராமகிருஷ்ண மிஷனும், மயூரபதி அம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கின்றன. கடைக்காரர் தமிழில் பேசுவார். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துத் தர அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார். இரவுப் பேருந்தும் காலி வீதியிலேயே ஏறலாம் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்கு ஓட வேண்டியதில்லை. அது கைகூடாவிட்டால் கொட்டாஞ்சேனை. இவ்விரண்டையும் தாண்டிப் போக வேண்டாம்.

அம்மா (6.33): பெரியத்தான் சொல்வது சரி. வெள்ளவத்தை என்றால்தான் எனக்கும் நித்திரை வரும்.

நிலா அக்கா (6.40): அதிபர் ஐயா, நீங்கள் அடுக்கிய நன்மைகள் ஒவ்வொன்றுக்கும் அங்கே வாடகையில் காசு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் தெகிவளைக்கு வந்ததே வெள்ளவத்தையில் கட்டுப்படியாகாமல்தான்.

வவுனியா மாமா (6.44): (முன்னனுப்பிய செய்தி) வெள்ளவத்தை, காலி வீதிக்கு அருகில், இரண்டு அறைகள், இரண்டு குளியலறைகள், மின்தூக்கி வசதியுடன் தொடர்மாடி வீடு வாடகைக்கு. மாதம் 120,000 ரூபாய். ஒரு வருட முற்பணம். சிறு குடும்பத்துக்கு மட்டும். மச்சம் சமைக்கக் கூடாது. தரகர் கட்டணம் ஒரு மாத வாடகை.

வாணி (6.45): மாமா, இது என் சம்பளத்தை விட அதிகம்.

வவுனியா மாமா (6.46): நிலவரம் தெரிவதற்காக அனுப்பினேன்.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (6.47): முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து வளர்ந்த குடும்பம் மீன் சமைக்காமல் இருக்க ஒரு இலட்சத்து இருபதினாயிரம் கொடுக்க வேண்டுமா?

வாணி (6.58): நேற்றும் ஓர் இடம் விசாரித்தேன். மேல்மாடியில் ஓர் அறை, இன்னும் இரண்டு பெண்களோடு பகிர வேண்டும், ஆளுக்கு 28,000 ரூபாய். வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். கிளிநொச்சி, முரசுமோட்டை என்றேன். "அது சரி, யாழ்ப்பாணத்தில் எந்த இடம்?" என்று திரும்பக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இடம் எதுவும் இல்லை, அப்பப்பா காலத்திலிருந்தே குடியேற்றத்திட்டக் காணியில்தான் இருக்கிறோம் என்றேன். இன்று காலை அறை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. விளம்பரம் இன்னும் இருக்கிறது.

நிலா அக்கா (7.01): எனக்கும் நடந்தது.

அம்மா (7.01): அந்த வீடு வேண்டாம் பிள்ளை. விடு.

பெரியப்பா (7.09): இப்படியானவர்கள் எக்காலத்திலும் இருப்பார்கள். ஒருத்தி கேட்டாள் என்பதற்காக ஊரையே தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது. நான் வெள்ளவத்தையை வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2007ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா வரை கொண்டுவந்து இறக்கியதையும், உயர் நீதிமன்றம் மறுநாளே அதற்குத் தடை விதித்ததையும் இங்குள்ள இளையவர்கள் அறியமாட்டார்கள். அன்று கையில் முறையான வாடகைப் பத்திரம் வைத்திருந்தவனுக்கும் விடுதியில் நாள் வாடகைக்கு இருந்தவனுக்கும் இடையில் இருந்த வேறுபாடு பெரியது. ஆகவே எங்கே தங்கினாலும் எழுத்தில் உடன்படிக்கை இருக்க வேண்டும்.

வவுனியா மாமா (7.16): அது போர்க்காலம் அண்ணை. ஆனால் பத்திர விடயத்தில் நீங்கள் சொல்வது மெத்தச் சரி. இருபது வருடமாக நொத்தாரிசு அலுவலகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு வருட முற்பணத்தைக் கொடுப்பவர்கள்தான் பிறகு என்னிடம் அழுதுகொண்டு வருகிறார்கள். முற்பணம் எவ்வளவு, அது மாத வாடகையில் கழியுமா அல்லது வெளியேறும்போது திரும்பக் கிடைக்குமா, இடையில் விட்டுப் போவதென்றால் எத்தனை மாத அறிவித்தல் என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும்.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (7.17): இருபது வருட அனுபவம் இருந்தும் உன்னுடைய கடையறை வாடகைக்காரனை நீ எழுப்பவில்லை.

வவுனியா மாமா (7.18): அந்த வழக்கு நடக்கிறது அக்கா. இங்கே வேண்டாம்.

நிலா அக்கா (7.30): வாணி, நான் சொல்வதைக் கேள். உனக்கு வேலை கொள்ளுப்பிட்டியில். கரையோரப் புகையிரதத்தில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தெற்கே ஒவ்வொரு நிலையம் இறங்க இறங்க வாடகையும் இறங்கும். பயண நேரம் அந்த அளவுக்குக் கூடாது. பருவச்சீட்டு எடுத்தால் பேருந்தை விட மலிவு. மழை பெய்தால் காலி வீதியில் 100ஆம் இலக்கப் பேருந்துக்குள் நின்றுகொண்டே கழிக்கும் நேரமும் மிச்சம். கல்கிசையில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் அனெக்ஸ் இருக்கிறது. தனி வாசல், ஓர் அறை, சிறிய சமையலறை. கேட்பது 45,000 ரூபாய். என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புப் பிள்ளையும் இடம் தேடுகிறாள். இருவரும் பகிர்ந்தால் ஆளுக்கு 22,500 ரூபாய்.

அம்மா (7.32): கல்கிசையில் தமிழர்கள் இருக்கிறார்களா?

நிலா அக்கா (7.32): இருக்கிறார்கள் சின்னம்மா. வீட்டுக்காரர் சிங்களவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர். எந்த ஊர் என்று கேட்கவில்லை. இரவில் கேற் பூட்டும் நேரத்தை மட்டும் சொன்னார்.

வாணி (7.34): முற்பணம் எவ்வளவு அக்கா?

நிலா அக்கா (7.35): அதுதான் சிக்கல். ஒரு வருடம் கேட்கிறார். மொத்தம் 540,000 ரூபாய். பேசினால் ஆறு மாதத்துக்கு இறங்கக்கூடும். இன்னொன்று, அனெக்ஸுக்குத் தனி மின்மானி இல்லை. இதைச் சாதாரணமாக விட்டுவிடாதே. அலகுகள் கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும். மாதம் 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. பெரிய வீடும் அனெக்ஸும் ஒரே மானியில் ஓடினால், நீ ஒரு மின்விசிறியும் சோற்றுப் பானையும் போடுவதுகூட அந்த உச்சப் படியில்தான் கணக்காகும். உள்மானி ஒன்று பொருத்தி, எந்த விலையில் பிரிப்பது என்பதை மாமா சொன்ன அந்தப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

வவுனியா மாமா (7.36): நிலா கெட்டிக்காரி.

அம்மா (7.41): 540,000 ரூபாயா? இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு மொத்தமாகத் தந்தது 550,000 ரூபாய். அதில்தான் 2013இல் இந்த வீட்டை அத்திவாரத்திலிருந்து கூரை வரை கட்டினோம். பிள்ளை ஒரு வருடம் ஓர் அறையில் படுத்து எழும்ப அதே காசா?

பெரியப்பா (7.52): தங்கச்சி, இவ்வொப்பீட்டை நீர் அப்படியே செய்தல் பொருந்தாது. 2013இல் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 130 ரூபாய். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையிடம் விட்ட பின்னர் அது சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டியது. ஆகவே அன்றைய ஐந்தரை இலட்சம் இன்றைக்குப் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் பெறும். அதுமட்டுமன்றி, அத்தொகை கட்டட வேலையின் கட்டத்துக்கேற்பத் தவணை தவணையாகவே வழங்கப்பட்டது. மணலும் சீமெந்தும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில்...

அம்மா (7.53): என் தாலிக்கொடியும் அந்த வீட்டுக்குள் இருக்கிறது பெரியத்தான். அதை எந்த டொலரில் கணக்குப் பார்ப்பது?

பெரியப்பா (7.55): நான் பொதுவாகச் சொன்னேன்.

வாணி (7.57): ஆறு மாதம் என்றால் 270,000 ரூபாய். அதில் பாதி என் பங்கு, 135,000 ரூபாய். முதல் மாதச் சம்பளமே மாதக் கடைசியில்தான் வரும்.

அம்மா (7.58): காலபோக அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கையில் இருந்தது உழவுக்கும் பசளைக்கும் போய்விட்டது. அப்பாவிடம் இப்போது கேட்க வேண்டாம்.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (8.03): இவ்வளவு நேரமாக எல்லோரும் கல்கிசை, கொட்டாஞ்சேனை என்று சுற்றுகிறீர்கள். வெள்ளவத்தையிலேயே நம் குடும்பத்து வீடு ஒன்று மூன்று அறைகளோடு பூட்டிக் கிடக்கிறது. அதை ஒருவரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா (8.04): அக்கா.

நிலா அக்கா (8.04): அம்மா!

பெரியப்பா (8.10): இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

பெரியப்பா (8.19): அது என் மகன் ரூபனுடைய சொந்த வீடு. அதன் சாவி விடயத்தில் நான் தலையிடுவதில்லை. அவன் லண்டனில் இரவும் பகலும் உழைத்து வாங்கியது.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (8.21): உழைத்ததை நான் மறுக்கவில்லை. குளத்தடிக் காணி விற்ற காசும் அந்த உழைப்போடு சேர்ந்ததைத்தான் நினைவூட்டுகிறேன். அந்தக் காணியில் வாணியின் தகப்பனுக்கும் பங்கு இருந்தது.

வவுனியா மாமா (8.22): பங்கு கைமாற்றாகத்தான் கொடுக்கப்பட்டது. காணி உறுதிப் பத்திரத்தில் அப்படி எழுதவில்லை.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (8.22): நொத்தாரிசு வீட்டிலேயே இருந்தும் எழுதவில்லை.

வாணி (8.24): தயவுசெய்து இதை விடுங்கள். நான் கல்கிசையைப் போய்ப் பார்க்கிறேன்.

லண்டன் ரூபன் அண்ணா (8.47): எல்லோருக்கும் வணக்கம். வேலையில் இருந்ததால் இப்போதுதான் முழுவதையும் வாசித்தேன். வாணி, முதலில் வாழ்த்துகள். வீட்டைப் பற்றி நீயே என்னிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாம். பூட்டிக் கிடக்கிறது என்பது உண்மைதான். வாடகைக்குக் கொடுத்தால் விடுமுறைக்கு வரும்போது தங்க இடமில்லை, முன்பு இருந்தவர்கள் சுவரெல்லாம் ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். மார்கழியில் மாமா மாமி இங்கிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு ஓர் அறை வேண்டும். அதுவரை வாணி தங்குவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தொடர்மாடியின் பராமரிப்புக் கட்டணமும் சில மாதங்கள் நிலுவையில் இருக்கிறது.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (8.48): அந்த நிலுவையை யார் கட்டுவது?

லண்டன் ரூபன் அண்ணா (8.49): அதைப் பிறகு பேசலாம் பெரியம்மா.

பெரியப்பா (8.53): தம்பி மனமுவந்து சொல்லிவிட்டான். வாணி, நீ முதலாம் திகதிக்கு முன்னரே போய் அங்கே இறங்கலாம்.

நிலா அக்கா (8.54): ஐயா, ரூபன் அண்ணா இன்னும் அண்ணியிடம் கேட்கவில்லை. மார்கழியில் மீண்டும் பெட்டியைத் தூக்க வேண்டியும் வரும். இன்று இருக்கும் கல்கிசை அனெக்ஸ் அன்று இருக்காது.

அப்பா (9.05): வயலில் இருந்து இப்போதுதான் வந்தேன். ரூபன், பிள்ளை உங்கள் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். வாடகை எவ்வளவு என்று சொல். கல்கிசைக்குக் கொடுப்பதை உனக்குக் கொடுக்கிறோம். சொல்ல முடியாவிட்டால் கல்கிசையே போகட்டும். முற்பணத்துக்கு நான் பார்க்கிறேன்.

லண்டன் ரூபன் அண்ணா (9.07): சித்தப்பா, உங்களிடம் நான் வாடகை வாங்குவதா?

அப்பா (9.08): வாங்கலாம்.

வவுனியா மாமா (9.10): அத்தான் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. வாடகை என்று வந்தால் பத்திரம் எழுதலாம். பத்திரம் இருந்தால் மார்கழி வந்தவுடன் எழும்பு என்று யாரும் சொல்ல முடியாது.

பெரியப்பா (9.12): குடும்பத்துக்குள் நொத்தாரிசுப் பத்திரமா? கேள்விப்பட்டதில்லை.

புதுக்குடியிருப்புப் பெரியம்மா (9.12): ஏழு மணிக்கு, எங்கே தங்கினாலும் எழுத்தில் வேண்டும் என்று சொன்னவர் யார்?

நிலா அக்கா (9.20): கல்கிசைக்காரருடன் பேசினேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். ஆறு மாத முற்பணத்துக்குச் சம்மதிக்கிறார் போலிருக்கிறது. உள்மானிக்குச் செலவு யாருடையது என்பதை நேரில் பேசலாம் என்றார். வாணி, சனி இரவுப் பேருந்தில் வந்தால் நான் தெகிவளையில் கூட்டிக்கொள்கிறேன். குளியலறையில் தண்ணீர் அழுத்தத்தையும், மழைக்கு ஒழுகிய தடயம் கூரையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வாளியால் அள்ளிக் குளித்துக்கொண்டு இந்த வாடகை கொடுக்க முடியாது.

வாணி (9.22): வருகிறேன் அக்கா. ரூபன் அண்ணா, ஞாயிறு அப்படியே வெள்ளவத்தை வீட்டையும் ஒருமுறை பார்க்கலாமா? சாவி யாரிடம் இருக்கிறது?

லண்டன் ரூபன் அண்ணா (9.31): சாவி அண்ணியின் சித்தப்பாவிடம், பம்பலப்பிட்டியில். அவர் கதிர்காமம் போயிருப்பதாகக் கேள்வி. எப்போது திரும்புவார் என்று கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா (9.33): சனிக்கிழமை பேருந்துக்கு இருக்கை பதிய வேண்டும். சன்னல் பக்கம் கேள் பிள்ளை, பக்கத்தில் பெண் இருக்கும்படி.

வவுனியா மாமா (9.34): வரைவு எதுவாக இருந்தாலும் கையெழுத்து வைக்க முன்னர் எனக்குப் படம் எடுத்து அனுப்பவும். இரு பக்கமும்.