கலைச்சொல் உதவி: டிஜே தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

புதிதாக டிஜே ஆக வருகிறவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கருவிகள், தாளம் பொருத்துவது, பாட்டிலிருந்து பாட்டுக்கு நழுவுவது எல்லாம் ஒருவழியாக முடிந்தது. பெயரைத் தேர்ந்தெடுக்கும் இயலில் வந்து நிற்கிறேன். டிஜே தொழிலுக்கென்று வைத்துக்கொள்ளும் பெயரை என்னவென்று சொல்வது? புனைபெயர் என்று எழுதிப் பார்த்தேன், கவிஞரைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. பட்டப்பெயர் என்றால் கேலி தொனிக்கிறது. ஒரே ஆள் இரண்டு மூன்று பெயர்களில் பாட்டு வெளியிடுவதற்கும், ஒருவர் பெயர் இன்னொருவர் பெயரோடு இடித்துக்கொள்வதற்கும்கூடச் சொல் தேவைப்படுகிறது. உதவுங்கள்.

———

மறு: கலைச்சொல் உதவி

வணக்கம். நேற்றிலிருந்து வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்துவிட்டு, ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

> வட்டுப்பெயர்? டிஜே (டிஸ்க் ஜாக்கி) என்பதிலேயே வட்டு இருக்கிறதே.

இருக்கிறது, ஆனால் அது பழைய மிச்சம். வானொலியில் இசைத்தட்டு சுழற்றியவர்களைக் குறிக்க 1940-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். இன்று பலர் ஒரு பென் டிரைவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். வட்டு போன பிறகு வட்டுப்பெயர் எதற்கு?

> சூடுபெயர். பெயர் சூட்டுகிறோம் அல்லவா? தானே சூடிக்கொண்ட பெயர், சூடுபெயர்.

இலக்கணப்படி அழகான வினைத்தொகை. தானே தேர்ந்தெடுத்தது என்ற கருத்தும் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் படிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது 'சூடு'. "உங்கள் சூடுபெயரை உள்ளிடுக" என்று திரையில் வந்தால், ஆம்ப்ளிஃபயர் கொதிக்கிறது போலிருக்கிறது என்று அணைத்துவிடுவார். விளக்கினால்தான் புரியும் என்ற சொல் படிவத்துக்கு ஆகாது. படிவத்துக்குப் பக்கத்தில் நின்று விளக்க நாம் இருக்கமாட்டோம்.

> இசைப்பெயர்.

இதை எழுதியவருக்கு ஒரு கும்பிடு. இசை என்றால் பாட்டு மட்டுமல்ல, புகழும்தான். திருக்குறளில் 'இசைபட வாழ்தல்' என்று வருவது புகழோடு வாழ்வதையே. ஆக இசைப்பெயர் என்றால் இசைக்கான பெயர், புகழுக்கான பெயர் இரண்டும். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

சரி, பயன்படுத்திப் பார்ப்போம். டிஜே தன் தொகுப்பைத் தளத்தில் ஏற்றுகிறார். படிவத்தில் 'பாடலின் பெயர்' என்று ஒரு கட்டம், அடுத்தது 'தொகுப்பின் பெயர்', அதற்கடுத்தது 'இசைப்பெயர்'. என்ன எழுதுவார்? இசையின் பெயர் என்று நினைத்து வகையை எழுதிவைப்பார், டெக்னோ, ஹவுஸ் என்று. அவர்மேல் தப்பில்லை. ஆட்பெயர் எது, பாட்டுப்பெயர் எது என்று பிரிக்கத்தான் இந்தச் சொல்லையே தேடுகிறோம், இது இரண்டையும் குழப்பிவிடுகிறது. கவிதையில் வாழட்டும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

> புனைபெயரே போதும். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்ற சங்கப் புலவர்கள் காலத்திலிருந்து நமக்கு இந்த மரபு உண்டு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். குறுந்தொகை 40-ஆம் பாட்டில் செம்புலப் பெயல்நீர் வருகிறது, 41-ஆம் பாட்டில் அணிலாடு முன்றில் வருகிறது. பாடியவர்களின் இயற்பெயர் தெரியாததால், பாட்டில் இருந்த தொடரையே எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். அந்தப் புலவர்கள் தாமே வைத்துக்கொண்டது இல்லை. மரபு என்று பார்த்தால் இது பட்டப்பெயருக்குத்தான் நெருக்கம்: பிறர் பார்த்து, பிறர் வைத்தது.

டிஜேக்களின் பெயர்களில் சில அப்படி வந்தவைதான் என்பது வேறு. ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1973 நியூயார்க் விருந்தில் தட்டு சுழற்றிய கிளைவ் கேம்ப்பெல், உடல்வாகால் ஹெர்குலிஸ் என்று அழைக்கப்பட்டவர். அதைச் சுருக்கி டிஜே கூல் ஹெர்க் ஆனார். நெதர்லாந்தின் டியெஸ்டோவுக்கு அது சின்ன வயதுச் செல்லப்பெயர். கைகோ என்பவரோ தன் முதற்பெயரிலிருந்து இரண்டு எழுத்தும் குடும்பப்பெயரிலிருந்து இரண்டு எழுத்தும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார். டிப்ளோ, சின்ன வயதில் தனக்குப் பிடித்த டைனோசர் வகையின் பெயரை நறுக்கி வைத்துக்கொண்டார். கார்ல் காக்ஸ், ஜெஃப் மில்ஸ் போன்றவர்களோ சொந்தப் பெயரிலேயே நிற்கிறார்கள். புனைபெயர் என்றால் இவர்களை எங்கே வைப்பது? அந்தச் சொல்லில் புனைவு இருக்கிறது, இயற்பெயரை மறைப்பது என்ற வாடை இருக்கிறது. டிஜேயின் பெயர் மறைப்பதற்கு இல்லை, சுவரொட்டியில் போடுவதற்கு. பிறர் வைத்தாலும் தானே வைத்தாலும் சொந்தப் பெயராகவே இருந்தாலும், எந்தப் பெயரில் அவர் கூட்டத்தின் முன் வருகிறாரோ அதுதான் கேள்வி. பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் எங்கே புழங்குகிறது என்பதை மட்டும் சொல்லும் சொல் வேண்டும்.

அது நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது: மேடைப்பெயர்.

> மேடைப்பெயர் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. தவிர, வீட்டிலிருந்தே தொகுப்பு வெளியிடுகிறவருக்கு மேடை ஏது?

பெயர்த்ததுதான், இருக்கட்டுமே. மேடைப்பேச்சு, மேடைக்கூச்சம், மேடை நாடகம் என்று மேடை நம் வாயில் ஊறிய சொல். வீட்டில் இருப்பவருக்கு மேடை இல்லை என்ற வாதமும் நிற்காது. தந்தி போய்விட்ட பிறகும் தந்தி அடித்தாற்போல் என்கிறோம். (வட்டை மட்டும் ஏன் ஒதுக்கினாய் என்று கேட்கலாம். வட்டுப்பெயரை யாரும் இதுவரை சொன்னதில்லை, மேடைப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.) இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொல் இல்லாத இடத்தில் உழைப்போம்.

அப்படி ஓர் இடம், ஒருவரே பல பெயர்களில் இயங்குவது. ஸ்வீடனின் எரிக் ப்ரிட்ஸ், ப்ரிடா என்ற பெயரில் ஒருவகை இசையும், சிரெஸ் டி என்ற பெயரில் இருண்ட டெக்னோவும் வெளியிடுகிறார். ஒன்றை எதிர்பார்த்து வருகிறவருக்கு மற்றது கிடைத்து ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் இப்படிப் பிரிப்பது. மாற்றுப்பெயர் என்றால் முதல் பெயரை மாற்றிவிட்டார் என்று படும். கிளைப்பெயர் என்று ஒருவர் எழுதியிருந்தார். வங்கிப் படிவம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 'மறுபெயர்' போதும் என்பது என் எண்ணம். ஒன்றை ஒன்று நீக்காமல் இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பது அதில் இயல்பாகவே இருக்கிறது.

அடுத்தது, புதியவருக்கு உண்மையிலேயே தலைவலி தருவது. நல்ல பெயர் ஒன்றை யோசித்து, சின்னம் வரைந்து, நாலு தொகுப்பு வெளியிட்ட பிறகு, அதே பெயரில் வேறு நாட்டில் ஒருவர் இருப்பது தெரியவரும். இதற்கு 'பெயர்மோதல்' என்று முன்மொழிகிறேன். டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் முதலில் டஸ்ட் பிரதர்ஸ் என்ற பெயரில்தான் வாசித்தார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் இருந்த தயாரிப்பாளர்கள் மேல் இருந்த மதிப்பில் எடுத்த பெயர். இங்கிலாந்துக்குள் இருந்தவரை பிரச்சினை இல்லை, வெளியே பெயர் பரவியதும் அசல் ஆட்கள் எதிர்த்தார்கள். 1995-இல் கெமிக்கல் பிரதர்ஸ் ஆனார்கள். கனடாவின் டான் ஸ்னெய்த் மானிடோபா என்ற பெயரில் வெளியிட்டுவந்தார். அந்தப் பெயரைத் தன் மேடைப்பெயரில் வைத்திருந்த ஒரு ராக் பாடகர் வழக்குப் போட, 2004-இல் அவர் கரிபூ ஆக வேண்டியிருந்தது. மானிடோபா ஒரு மாகாணத்தின் பெயர் என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை. பெயரால் மட்டுமல்ல, சின்னத்தாலும் மோதல் வரும்: எலித்தலை முகமூடியோடு வாசிக்கும் டிஜே டெட்மவ்ஸ், அந்தத் தலைக்கு வணிகக்குறி கேட்டபோது 2014-இல் டிஸ்னி எதிர்த்தது, அடுத்த ஆண்டு சமரசம் ஆனது.

எழுத்துக்கூட்டலை மாற்றி மோதலைத் தவிர்ப்பது பழைய உத்தி. டிஜே அவீசி என்று அறியப்பட்ட டிம் பெர்க்லிங், பௌத்த மரபின் நரகங்களில் ஒன்றான அவீசியின் பெயரை எடுத்தார். மைஸ்பேஸில் அந்தப் பெயரை வேறொருவர் வைத்திருந்ததால் கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்த்தார். மோதல் இல்லாமலும் எழுத்தை மாற்றுவது உண்டு: டெட்மவ்ஸ் தன் பெயரில் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 5 போட்டார். உயிரெழுத்துகளை எல்லாம் உருவி எறிந்துவிட்டு மெய்யை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்த வித்தைகள் தமிழில் எழுதினால் காணாமல் போய்விடும், கேட்கும் ஒலி மட்டும்தான் மிஞ்சும். கையேட்டில் இதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

மறுபக்கம், தமிழ்ச் சொல்லைப் பெயராக வைக்கிறவருக்கு வேறு தொல்லை. 'முழவு' என்று ஒருவர் வைத்தால் ழகரத்தை ரோமன் எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். 'கூகை' என்றால் இரண்டாவது எழுத்தை 'க' என்று ஒருவர், 'ஹ' என்று ஒருவர். தேடினால் கிடைக்காது. ரோமன் வடிவம் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்து, எல்லாத் தளங்களிலும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தளங்களில் வைக்கும் பெயருக்கு, ஆங்கில 'ஹேண்டில்' என்பதைப் பெயர்த்து, 'கைப்பிடி' என்று ஒரு பரிந்துரை வந்தது. தயவுசெய்து வேண்டாம். பயனர்பெயர் இருக்கிறது, கதவுக்குக் கைப்பிடி இருக்கட்டும்.

டிஜே என்ற ஒட்டு பெயரின் பகுதியா என்ற கேள்விக்கு: அடைமொழி என்று சொன்னால் போதும், விருப்பமானது என்று ஒரு வரி. டியெஸ்டோவே முதலில் டிஜே டியெஸ்டோவாக இருந்து பிறகு அதை உதறியவர்தான்.

———

மறு: மறு: கலைச்சொல் உதவி

மேடைப்பெயர், மறுபெயர் இரண்டும் எனக்குச் சம்மதம். பெயர்மோதல்தான் உறுத்துகிறது. மோதல் என்றால் ஆட்கள் அடித்துக்கொள்வது போல இருக்கிறது. பல நேரம் ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது. 'பெயரொப்பு' என்று வைக்கலாமா? இன்னொன்று, பெயரை மாற்றுவதற்கு மோதல் மட்டும் காரணமில்லை. 2020-இல் ஜோயி நீக்ரோ என்ற பெயரை விட்டு டேவ் லீ தன் சொந்தப் பெயருக்கு வந்தார். அதே ஆண்டில்தான் பிளாக் மடோனா, பிளெஸ்ட் மடோனா ஆனார். கறுப்பினத்தவர் அல்லாத இவர்களுக்கு அந்தப் பெயர்களை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா என்று கேள்வி எழுந்ததால் வந்த மாற்றம். இதற்கு இயலில் இடம் வேண்டும்.

———

மறு: மறு: மறு: கலைச்சொல் உதவி

இரண்டாவது சொன்னது சரி, விடுபட்டிருந்தது. அதற்குத் தனிச் சொல் வேண்டாம், பெயர்மாற்றம் என்றே எழுதி, காரணத்தை ஒரு பத்தியில் விளக்கலாம்.

பெயரொப்பு என்றால் இரண்டு பெயர் ஒத்திருக்கிறது என்ற செய்தி மட்டும்தான் வருகிறது, அதனால் வரும் வம்பு வரவில்லை. ஒன்று வருவது மற்றதற்குத் தெரியாமல் இரண்டு வண்டி முட்டினாலும் மோதல்தானே. ஆனாலும் குழுவில் இன்னும் இருவர் எதிர்த்தால் விட்டுக்கொடுக்கிறேன்.

இயலின் முதல் பத்தியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

"மேடைப்பெயரை முடிவுசெய்யும் முன் அதை உரக்கக் கூவிப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே ஒருவர் உங்களை அறிவிக்கப்போவது அப்படித்தான். நெடில் உள்ள பெயர் தூரம் போகும், மெய்யெழுத்துகள் நெருக்கியடித்த பெயர் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தேடும்போது எழுத்துக்கூட்டலை ஊகிக்க முடிகிறதா என்று இரண்டு பேரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பாட்டுத் தளங்களிலும் வணிகக்குறிப் பதிவேட்டிலும் பெயர்மோதல் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வகை இசை செய்யும் எண்ணம் வந்தால் அதற்கு மறுபெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் பெயரை நாலு பேர் அறியும்வரை பொறுங்கள்."