நீராகாரம் குடித்தும் சீக்கிரம் பசிப்பது ஏன்?

திருவையாறு: நடவு நாள்ல காலை 6 மணிக்கு ஒரு சொம்பு நீராகாரம். வயிறு கும்முன்னு ஆயிடுது. 8 மணிக்கே கபகபன்னு பசி. ஏங்க?

மன்னார்குடி: இரைப்பை விரிஞ்சா, அங்கேருந்து மூளைக்குப் போற வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்லும், பசி அடங்கும். ஆனா தண்ணி சீக்கிரம் குடலுக்கு இறங்கிடும். பசியைத் தூண்டுற ஹார்மோனான கிரெலினை அடக்குறது சத்துதான், வெறும் தண்ணியில்ல. கிரெலின் மறுபடி ஏறி, மூளையில பசியைக் கவனிக்கிற பகுதியான ஹைப்போதலாமஸைத் தூண்டும். பழைய சோத்தைக் கெட்டியாப் பிசைஞ்சு, வேகவச்ச பச்சைப்பயறு ஒரு கிண்ணம் சேத்துக்கோங்க. புரதம் குடல்ல ஜிஎல்பி-1, பிஒய்ஒய்ங்கற பசியை அடக்குற ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும்; இரைப்பை மெதுவாக் காலியாகும். அவசரமா அள்ளிப் போடக் கூடாது, அந்த ஹார்மோன்கள் வேலைசெய்யக் கால் மணி நேரமாவது வேணும்.

கும்பகோணம்: உப்பைக் குறைச்சிடாதீங்க, வெயில்ல வியர்வையோட போயிடும்.

திருவையாறு: 1994ல கண்டுபிடிச்ச லெப்டின்ங்கற ஹார்மோனுக்கும் இந்தப் பசிக்கும் சம்பந்தம் உண்டா?

மன்னார்குடி: அது கொழுப்பு இருப்போட கணக்கு, வேளைப் பசிக்கு இல்ல. இளைச்சா லெப்டின் இறங்கும், பசி கூடும், உடம்பும் சக்திச் செலவைச் சுருக்கும்.